லயத்திலிருந்து தாமானுக்கு: நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழரும் வீட்டுடைமையும்

ஒரு நகரின் வீட்டுச் சந்தையைப் பற்றி ஆராய்வோர் பொதுவாக மூன்று செய்திகளை நோக்குவர்: எத்தனை வீடுகள் விற்றன, என்ன விலைக்கு விற்றன, எத்தனை விற்காமல் தேங்கின. மலேசிய நிதியமைச்சின் கீழ் இயங்கும் தேசியச் சொத்துத் தகவல் மையம் இவ்விவரங்களைத் தொகுத்து வெளியிட்டு வருகிறது. சிரம்பான், நீலாய் வட்டாரங்களின் போக்கை அக்கணக்குகளைக் கொண்டு ஓரளவு அறியலாம். ஆயினும், அங்கு எழுந்துள்ள புதிய குடியிருப்புகள் பலவற்றிற்கு இடமளித்த தோட்ட நிலங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் நிலையை அவை காட்டுவதில்லை. விற்பனைக் கணக்கு, பத்திரம் கைமாறும்போதுதான் தொடங்குகிறது. தோட்டத்து வீட்டிற்குத் தொழிலாளியின் பெயரில் பத்திரம் என்றுமே இருந்ததில்லை. அவ்வீட்டை அவர் விலை கொடுத்து வாங்கவும் இல்லை. அதற்கு வாடகை செலுத்தவும் இல்லை. அது அவருடைய கூலியின் ஒரு பகுதியாகவே இருந்தது. இவ்வியல்பு அவருடைய வீட்டுடைமையை எவ்வாறு பாதித்தது என்பதையே இங்கு நாம் விளக்க முற்படுகிறோம்.

வீடு என்னும் கூலி

தோட்டக் குடியிருப்பைக் குறிக்கும் 'லயம்' என்னும் சொல், வரிசை எனப் பொருள்படும் ஆங்கில 'லைன்' என்பதன் திரிபாகும். இசையோடு தொடர்புடைய லயத்திற்கும் இதற்கும் உறவில்லை என்பதை மாணவர்க்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருப்பதை ஆசிரியர்கள் அறிவர். வரிசையாகக் கட்டப்பட்ட அறைகள், பொதுக் குழாய், ஆயாக் கொட்டகை, கோயில், பள்ளி என அமைந்த இக்குடியிருப்பு, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தால் நெறிப்படுத்தப்பட்டது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகுவதற்குக் காரணமான சட்டமும் இதுவே. பின்னர் 1966ஆம் ஆண்டின் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டமும் தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுத்தன. குடிநீர், சுகாதாரம், கட்டடத்தின் தரம் ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசும் இச்சட்டங்கள், அங்குக் குடியிருப்பவர் என்றேனும் அவ்வீட்டிற்கு உரியவர் ஆகலாமா என்ற வினாவை எழுப்பவில்லை. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போகும். முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவரும் சட்டத்தின் பார்வையில் வாடகைதாரர்கூட அல்லர். அனுமதி பெற்றுத் தங்கியிருப்பவரே.

இம்மாநிலத்தின் நிலவுரிமை மரபோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். நெகிரி செம்பிலானின் அடாட் பெர்பாத்தே மரபில் குலநிலம் பெண்வழியாக இறங்குகிறது. 1909ஆம் ஆண்டிலேயே இம்மரபு நிலங்களைக் காக்க ஒரு தனிச்சட்டம் இயற்றப்பட்டது. கோல பிலா, ரெம்பாவ் போன்ற மாவட்டங்களில் ஒரு பக்கம் விற்கவே எளிதில் இயலாத குலநிலம். மறுபக்கம் நிறுவனங்கள் தமக்குள் விற்றும் வாங்கியும் வந்த தோட்ட நிலம். இவ்விரண்டாம் வகை நிலத்தில் உழைத்தவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

துண்டாடலும் கூட்டுறவும்

நிலம் கைமாறினால் குடியிருப்பும் பறிபோகும் என்ற அச்சம் புதிதன்று. 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் பல தம் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுவிற்பனை செய்தனர். இத்துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அசிஸ் மேற்கொண்ட ஆய்வு 1960களின் முற்பகுதியில் வெளிவந்து, அதன் கேடுகளை நாட்டிற்கு உணர்த்தியது. பின்னர்த் தேசிய நிலச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 214அ பிரிவு, 40 எக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தின் கைமாற்றத்தைத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதலுக்கு உட்படுத்தியது. தொழிலாளர் தரப்பில் எழுந்த விடை, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமாகும். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

இக்கூட்டுறவின் அருமையை யாரும் மறுக்க மாட்டார். ஆயினும் தோட்டத்தில் பங்குரிமை வேறு, குடியிருக்கும் வீட்டிற்கு உரிமை வேறு. பங்குச் சான்றிதழை வைத்து வங்கியில் வீட்டுக்கடன் பெற இயலாது. ஓய்வுபெற்றபின் எங்குத் தங்குவது என்ற வினாவிற்கும் அது விடை தராது. துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்த 1970களில் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சொந்த வீட்டுத் திட்டம் முன்மொழியப்பட்டதும் இக்குறையை உணர்ந்தே. ஆனால் நிலம் ஒதுக்குவது தோட்ட நிறுவனங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டதால், திட்டம் ஒரு தோட்டத்தில் நிறைவேற, அடுத்த தோட்டத்தில் பேச்சளவிலேயே நின்றது. கட்டாயமாக்கப்பட்டிருந்தால் இன்றைய நிலை வேறாக இருந்திருக்கும் என்பது எம் கருத்து.

நகரம் தோட்டத்திற்கு வருதல்

கோலாலம்பூர்–சிரம்பான் நெடுஞ்சாலை 1982இல் திறக்கப்பட்டது. 1995இல் கொமுட்டர் மின்தொடர்வண்டி சிரம்பானை எட்டியது. 1998இல் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் இயங்கத் தொடங்கியது. தலைநகரில் பணிபுரிபவர் நெகிரி செம்பிலானில் வீடு வாங்கலாம் என்ற நிலை இவற்றால் உருவாயிற்று. நீலாயிலும், சிரம்பான் 2இலும், பின்னர் ஸ்ரீ செண்டாயானிலும் பெரும் நகரியங்கள் எழுந்தன. 2018இல் அறிவிக்கப்பட்ட மலேசிய விஷன் வேலி 2.0 திட்டம் சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களைத் தழுவியது. 2020 ஜனவரியில் சிரம்பான், நீலாய் நகராண்மைக் கழகங்கள் இணைந்து சிரம்பான் மாநகர் மன்றம் ஆயின.

இக்காலத்தில் தோட்ட நிறுவனங்களின் இயல்பும் மாறியது. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி ஆகிய மூன்று குழுமங்கள் ஒன்றிணைந்தன. 2017இல் தோட்டத் தொழிலும் சொத்து மேம்பாடும் தனித்தனி நிறுவனங்களாகப் பங்குச் சந்தையில் இடம்பெற்றன. (தோட்ட நிறுவனம் 2024இல் எஸ்டி கத்ரி எனப் பெயர் மாற்றிக்கொண்டதால், தோட்ட மக்கள் மறவாத ஒரு பழம்பெயர் திரும்பி வந்தது.) பால்மரம் செம்பனையானபோது ஓர் எக்டருக்குத் தேவைப்பட்ட ஆள் குறைந்தது. 1980களிலிருந்து அயல்நாட்டுத் தொழிலாளர் வருகையும் பெருகியது. நிலம் கட்டட நிலமாக வகைமாற்றம் பெற்றபோது தோட்டத் தொழிலாளரே தேவையற்றவரானார்.

நிலத்தின் விலை உயர்ந்ததால் வந்த ஊதியம் உரிமையாளர்க்குச் சென்றது. தொழிலாளிக்குக் கிடைத்தது 1980ஆம் ஆண்டின் பணிநீக்கப் பலன் விதிகளின்படியான தொகை. ஐந்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர்க்கு ஒவ்வோர் ஆண்டிற்கும் 20 நாள் ஊதியம் என்பது அவ்விதி. முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம்: 600 நாள் ஊதியம். நாளொன்றுக்கு 15 வெள்ளி எனக் கொண்டால் 9,000 வெள்ளி. 1982 முதல் 1998 வரை மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி. அதன்பின் இடத்திற்கேற்ப 42,000 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது. ஆக, வாழ்நாள் உழைப்பிற்கு வந்த தொகை, நாட்டிலேயே மிகக் குறைந்த விலை வீட்டில் மூன்றிலொரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. எஞ்சிய 16,000 வெள்ளிக்குச் சேமநிதியோ வங்கிக் கடனோ வழிவிட வேண்டும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒப்பந்தத்தில் குறித்த ஓய்வு வயதை எட்டி வெளியேறுபவர்க்கு இப்பணிநீக்கப் பலன் உரியதன்று. தோட்டம் மூடப்பட்டபோது ஐம்பது வயதில் இருந்தவர் ஒரு தொகை பெற்றார். அதற்கு ஓராண்டு முன்னர் ஓய்வுபெற்ற அண்டை வீட்டுக்காரர் அதைப் பெறவில்லை. இருவரும் காலி செய்தது ஒரே லயத்தைத்தான்.

யார் பெயரில் வீடு?

வீட்டுக்கடன் வயதோடு பிணைந்தது. வங்கிகள் பொதுவாகக் கடன்பெறுவோர் எழுபது வயதை எட்டுமுன் கடனை முடிக்க வேண்டுமெனக் கருதுகின்றன. 2013 முதல் உச்சத் தவணைக் காலமும் 35 ஆண்டுகளே. இருபத்தைந்து வயதில் கடன் பெறுபவர்க்கு மாதத் தவணை இலகுவாகும். ஐம்பத்தைந்தில் பெறுபவர்க்குப் பளுவாகும். கூலியோடு வீடும் கிடைத்துவந்த காரணத்தால், இளமையிலேயே வீடு வாங்கும் தேவை தோட்டத் தொழிலாளிக்கு எழவில்லை. தேவை எழுந்தபோது வயது கடந்துவிட்டது. விலை உயர்வைவிட இக்காலப் பிசகே அவரைப் பெரிதும் பாதித்தது என நாம் கருதுகிறோம்.

எனவே தோட்டக் குடும்பங்களின் வீடு பெரும்பாலும் அடுத்த தலைமுறையின் சம்பளச் சீட்டைக் கொண்டே வாங்கப்படுகிறது. நீலாய்த் தொழிற்சாலையிலோ விமான நிலையத்திலோ பணிபுரியும் மகனோ மகளோ கடன் பெறுகின்றனர். முன்பணத்திற்குப் பெற்றோரின் சேமநிதி கரைகிறது. பத்திரத்தில் மகன் பெயர் மட்டும் ஏறிவிட்டால், தம் சேமிப்பு முழுவதையும் கொடுத்த தாய்க்கு அவ்வீட்டில் சட்டப்படியான பங்கு ஏதும் எளிதில் கிட்டாது. குடும்பத்தாரோடு இணைந்து வீடு வாங்கவும் அதற்குச் சேமநிதியைப் பயன்படுத்தவும் வழியுண்டு. தாயின் பெயரும் பத்திரத்தில் இடம்பெறச் செய்வது, வீடு வாங்கும் நேரத்தில் ஒரு படிவத்தோடு முடியக்கூடிய செயல். பின்னர் அது வழக்கறிஞரிடம் செல்லும் செயலாகிவிடும். அடாட் பெர்பாத்தே மண்ணில் வாழும் தமிழ்ப் பெண்ணுக்கு வீட்டில் தன் பெயர் இல்லாமற் போவது ஒரு முரண்தான்.

லயத்திலிருந்து தாமானுக்கு எத்தனை குடும்பங்கள் சென்றன, எத்தனை புறம்போக்கு வீடுகளிலும் வாடகை அடுக்குமாடிகளிலும் தங்கின என்பதை விற்பனைக் கணக்கு சொல்லாது. ஆனால் அதனை அறிய உதவும் சான்று ஒன்று ஆசிரியர்களின் கையிலேயே உள்ளது. இம்மாநிலத்தின் ஏறத்தாழ அறுபது தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரில் 'லாடாங்' என்னும் சொல் இன்றும் நிற்கிறது. அப்பள்ளிகளின் மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோரின் தொழிலும் முகவரியும் ஆண்டுதோறும் எழுதப்பட்டு வந்துள்ளன. மாணவர் பெயர்களை வெளியிடாமல், முகவரியில் தோட்டத்தின் பெயர் எந்த ஆண்டில் மறைகிறது, அதற்குப் பதிலாக எந்தத் தாமான் வருகிறது, தொழில் என்னும் கட்டத்தில் பால்வெட்டு எப்போது நிற்கிறது என ஐம்பதாண்டுப் பதிவுகளை ஒரே ஒரு பள்ளியில் அட்டவணைப்படுத்தினாலும் ஒரு தோட்டத்தின் இடப்பெயர்வு வரலாறு கிடைத்துவிடும். பள்ளிகள் இடம்மாறும்போது பழைய பதிவேடுகள் அட்டைப்பெட்டிகளில் அடைபட்டுக் கறையானுக்கு இரையாவதும் உண்டு. லாபு, ரந்தாவ், சிலியாவ் வட்டாரங்களில் இப்பணியை முதலில் தொடங்கலாம்.