குன்றிமணி: இனிக்கும் இலை, நஞ்சுள்ள விதை

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் வேலியோரங்களில் குன்றிமணிக் கொடி படர்ந்திருப்பதைக் காணலாம். காய் வெடித்ததும் சிவப்பும் கறுப்புமான அந்த விதைகள் மாணவர்களின் சட்டைப்பைக்குள் வந்துவிடும். அறிவியல் ஆசிரியர் என்ற முறையில், அவற்றை வாங்கி எறிவதோடு நிற்காமல் பாடமாக்கலாம் என்று கருதுகிறேன்.

இனிப்பும் மருந்தும்

இது அவரைக் குடும்பத்துக் கொடி. இலையும் வேரும் இனிப்பதால் இதனைக் காட்டு அதிமதுரம் என்ற பொருள்படவும் அழைப்பர். நாட்டு வைத்தியத்தில் வாய்ப்புண்ணுக்கும் தொண்டைக்கட்டுக்கும் இலையும், இருமலுக்கு அதிமதுரத்துக்கு மாற்றாக வேரும் பயன்பட்டு வந்தன. விதை பொற்கொல்லரின் எடைக்கல்லாக இருந்தது. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி.

விதையின் நஞ்சு

விதையில் அப்ரின் என்னும் நச்சுப் புரதம் உள்ளது. அது உடல் செல்களில் புரதம் உருவாவதைத் தடுக்கிறது. ஓடு உடையாமல் விழுங்கிய விதை பெரும்பாலும் செரிக்காமல் வெளியேறிவிடும். மென்ற விதையும் துளையிட்ட விதையும் உயிருக்கே ஆபத்தானவை. முறிமருந்து கிடையாது, அறிகுறி தெரியச் சில மணி நேரம் ஆகலாம். எனவே மாணவர் விதையை விழுங்கியது தெரிந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

விதைத்து வளர்த்தல்

ஓடு கடினமானது என்பதால் நீர் எளிதில் உட்புகாது. விதையைத் தேய்த்தால் தூளிலும் நஞ்சு இருக்கும். ஆகவே வெந்நீரே ஏற்றது. கொதித்து இறக்கிய நீரில் விதைகளைப் போட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். உப்பியவற்றை, புரட்டாசியில் பருவமழைக்கு முன், வடிகால் உள்ள மண்ணில் ஒரு செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். ஊறவைக்காத விதைகளை வேறு தொட்டியில் ஊன்றினால் விதை உறக்கத்தை மாணவர்கள் ஒப்பிட்டு அறியலாம். முளைக்கச் சில வாரங்கள் ஆகலாம். கொடி படரக் கம்பும் நல்ல வெயிலும் வேண்டும்.

வகுப்பறையில்

விதைகளை ஆசிரியரே எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்பப் பெற வேண்டும். காய் முற்றி வெடிக்கும் முன்பே பறித்துவிடுங்கள். இலையையும் சுவைக்கவிட வேண்டாம். தமிழாசிரியர் 277ஆம் குறளை இணைத்துக் கற்பிக்கலாம். புறத்தோற்றத்தில் செம்மையும் அகத்தில் கருமையும் கொண்டோருக்கு வள்ளுவர் காட்டும் உவமை குன்றிமணிதான். தொடக்கப் பள்ளிகளில் இக்கொடியை வளர்க்க வேண்டாம். பல்லாங்குழிக்கும் எண்ணுவதற்கும் புளியங்கொட்டையே போதும்.