உறைந்த பாய்லரில் நெருப்பு மூட்டாதீர்!

மார்கழி மாதத்து அதிகாலைக் குளியல் நம் ஊரில் ஒரு நோன்பு. சிம்லாவிலும் ஸ்ரீநகரிலும் லேயிலும் அது ஒரு சோதனை. மாற்றல் உத்தரவுடன் மலையேறும் தமிழ்நாட்டுக் குமாஸ்தாவும், சாலைப் பணிக்கு வரும் தொழிலாளியும் ஸ்வெட்டர், மங்கி கேப், ரஜாய் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே சேகரித்துவிடுகிறார்கள். ஆனால் கொல்லைப்புறத்தில் நிற்கும் வெந்நீர் பாய்லருக்கும் போர்வை வேண்டும் என்பது பலருக்கு ஒரு குளிர்காலம் கழிந்த பிறகுதான் தெரிகிறது.

மலை ஊர்களின் பழைய குடியிருப்புகள் சிலவற்றில் பாய்லர் வீட்டுக்குள் இருப்பதில்லை. புகையும் விறகும் உள்ளே வேண்டாம் என்று, பின்புறம் தகரக் கூரை போட்ட கொட்டகையில் வைத்திருப்பார்கள். இமாசலத்தில் இதற்கு ஹமாம் என்று பெயர். நடுவில் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். நம் வீடுகளில் ஒரு காலத்தில் கரி போட்டு எரித்த தாமிர பாய்லருக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. பார்த்தவுடன் பழகிய பொருளாகத் தோன்றும். தொல்லையே அதில்தான் இருக்கிறது. நம் ஊர் பாய்லர் அறியாத எதிரி ஒன்று இங்கே உண்டு. அதுதான் உறைபனி.

பனிக்கட்டியின் பலம்

குளிர்ந்தால் சுருங்குவது பெரும்பாலான பொருள்களின் இயல்பு. தண்ணீரோ 4 டிகிரி வரை சுருங்கி, அதற்குக் கீழே விரியத் தொடங்குகிறது. உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடிவிடும். பைப்பில் ஓரிடத்தில் கட்டி அடைத்துக்கொண்டால், அதற்கும் மூடிய குழாய்க்கும் நடுவே அகப்பட்ட தண்ணீருக்குப் போக வழியில்லை. அந்த நெருக்குதலில் இரும்பு பைப்பும் பிளந்துவிடுகிறது. பிளந்தது இரவில் தெரியாது. வெயில் ஏறிக் கட்டி உருகிய பிறகுதான் தண்ணீர் பீறிட்டு அடித்துச் சேதி சொல்லும்.

வீட்டுக்குள் ஆள் நடமாட்டமும் அடுப்பும் கொஞ்சம் சூடு தருகின்றன. கொட்டகைக்கு அதுவும் இல்லை. கதவிடுக்கில் காற்று வேறு. முதலில் உறைவது மெல்லிய பைப்புகளும் குழாயும்; பிறகுதான் பாய்லர்.

காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாட்களுக்குச் 'சில்லாய் கலான்' என்று பெயர். கடுங்குளிரின் காலம் அது. 2021 ஜனவரியில் ஸ்ரீநகரில் வெப்பநிலை மைனஸ் 8 டிகிரிக்கும் கீழே இறங்கியது. பொங்கல் வருவது இந்த 40 நாட்களின் நடுவில். லீவு போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு நம்மவர்கள் ஊருக்கு ரயிலேறும் நேரமும் அதுவே!

போர்வை போதுமா?

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது எளிது. பாய்லரையும் வெளியே தெரியும் பைப்புகளையும் கண்ணாடிப் பஞ்சு, பழைய கம்பளி, சாக்கு இவற்றால் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் கட்ட வேண்டும். நனைந்த போர்வையால் பயனில்லை என்பதால் இந்த மேலுறை அவசியம். முழங்கை வளைவும் வால்வும் விட்டுப்போகக் கூடாது. கதவிடுக்கையும் அடைக்கலாம். ஆனால் விறகு எரியும்போது புகை போகவும் காற்று வரவும் வழி இருந்தாக வேண்டும். நெருப்புக்கு அருகில் துணியோ பஞ்சோ கூடாது.

இரவில் குழாயைச் சொட்டவிடுவது மலைவாசிகளின் பழைய வழக்கம். ஓடும் தண்ணீர் எளிதில் உறைவதில்லை. ஆனால் இரவு முழுவதும் தண்ணீர் வரும் இடத்தில்தான் இது பலிக்கும். முன்பு கொட்டகையில் 100 வாட் குண்டு பல்பை எரியவிடுவார்கள். அந்தச் சூடே காப்பாற்றியது. இன்றைய எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும். அந்த அளவு சூடு தராது. கரி அங்கீட்டியை வைத்துக் கதவை மூடும் யோசனையோ ஆபத்தானது. கரிப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உள்ளே குளிக்கப் போனவர் மயங்கி விழுந்த பின்னரே தெரியும்.

கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. இருக்கும் சூட்டைக் காக்கிறது, அவ்வளவுதான். பத்து நாள் நெருப்பே காணாத பாய்லர் எத்தனை போர்வைக்குள்ளும் உறையும். எனவே லீவில் போகிறவர்களுக்கு ஒரே வழிதான்: உள்ளே வரும் கேட் வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து, பாய்லரின் அடிக் குழாய் வழியாகக் கடைசிச் சொட்டு வரை வடித்துவிட வேண்டும். குழாய்களைத் திறந்தபடியே விட்டுப் போகலாம். மின்சார கீசராக இருந்தால் சுவிட்சை அணைத்த பிறகு வடிக்க வேண்டும்.

உயிருக்கு உலை

பைப் வெடித்தால் போவது பணம். உறைந்த பாய்லரில் விறகை மூட்டினால் போவது உயிர். பைப் இணைத்த பாய்லரில் தண்ணீர் வரும் வழியும் ஆவி போகும் வழியும் வெளிக்குளிரில் நிற்பதால் அவை முதலில் அடைபடுகின்றன. நெருப்பை ஒட்டிய தண்ணீரோ உருகிக் கொதிக்கத் தொடங்கும். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். வழி அடைபட்ட பாய்லர் அப்போது வெடிகுண்டுதான். குளிர்காலத்தில் பாய்லர் வெடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்ட செய்திகள் இமயமலைப் பகுதிகளிலிருந்து வருவதுண்டு.

ஆகவே குழாயைத் திறந்து, தண்ணீர் தாராளமாக ஓடுவதையும் ஆவிக் குழாயில் அடைப்பு இல்லை என்பதையும் கண்ணால் பார்க்காமல் தீக்குச்சியைக் கிழிக்கக் கூடாது. கீசர் சுவிட்சுக்கும் இதே விதி. காலித் தொட்டியில் போட்டால் கம்பிச்சுருள் கருகிவிடும்.

பைப் உறைந்திருந்தால் குழாயைத் திறந்து வைத்து, அந்த முனையிலிருந்து பின்னோக்கி வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சுற்றி வர வேண்டும். கொதிநீரை ஊற்றுவதோ, காகிதத்தைக் கொளுத்திக் காட்டுவதோ கூடாது. உருகும்போது கேட் வால்வு அருகே ஓர் ஆள் நிற்பது நல்லது. விரிசல் இருந்தால் உடனே மூடலாம்.

ஊரிலிருந்து இரண்டு நாள் பிரயாணம் செய்து வந்தவருக்கு முதலில் தோன்றுவது சூடான குளியல்தான். கூட வந்த பிள்ளைகளும் அதற்காகவே காத்திருப்பார்கள். அந்த அவசரத்தில்தான் தவறு நேர்கிறது. அன்றைக்கு ஒரு நாள் அடுப்பில் பாத்திரம் வைத்துச் சுடவைத்த நீர் போதும். பாய்லரை மறுநாள், நல்ல வெயிலில், நிதானமாகச் சோதித்துக்கொள்ளலாம்.