முள்ளில் இரையைக் குத்தி வைக்கும் 'முகமூடி' குருவி! சைபீரியாவில் இருந்து சென்னைக்கு வருகிறது

கண்ணில் கறுப்பு முகமூடி. மூக்கின் நுனியில் கொக்கி. உடம்போ ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். எடை 30, 35 கிராம்தான்.

ஆனால் ஆசாமி செய்கிற தொழில்? கசாப்பு!

இவர் பெயர் பழுப்புக் கீச்சான். சைபீரியா, மங்கோலியா, வடசீனா பக்கம் குஞ்சு பொரிக்கிற குருவி. அங்கே குளிர் தொடங்குமுன் மூட்டை கட்டிவிடுகிறது. செப்டம்பர், அக்டோபரில் சென்னைக்கு வந்து சேர்கிறது. அக்கினி நட்சத்திரத்துக்கு முன்பே 'டாட்டா' காட்டிவிட்டுப் புறப்பட்டுவிடும். விவரமான ஆள்தான்!

கிண்டி காடு, அடையாறு தியசாபிகல் சொசைட்டி தோட்டம், பள்ளிக்கரணை... முள்புதரும் கொஞ்சம் திறந்த வெளியும் உள்ள எல்லா இடத்திலும் இதைப் பார்க்கலாம். வந்த புதிதில் காலையிலும் மாலையிலும் 'கர்ர்... கெச்கெச்' என்று ஒரே ரகளை. "அணில் கத்துதுன்னு நெனச்சேன்" என்று சொல்கிறவர்களும் உண்டு.

அடையாளம் என்ன?

கொண்டைக்குருவி அளவு. முதுகு பழுப்பு, வால் செம்பழுப்பு, வயிறு வெளிறிய மஞ்சள். முகமூடிக்கு மேலே புருவம் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. பெண்ணுக்கு மார்பின் ஓரத்தில் மீன் செதில் போல மெல்லிய கோடுகள் இருக்கும்.

1758-ல் இதற்கு லத்தீன் பெயர் வைத்த லின்னேயஸ், 'கொண்டை உள்ளது' என்று பொருள்படும்படி வைத்துவிட்டார். குருவிக்குக் கொண்டையே கிடையாது! பெயரின் முதல் பாதி மட்டும் பொருத்தம். அதற்கு அர்த்தம், கசாப்புக்காரன்.

முள்தான் கத்தி

வேடிக்கை என்னவென்றால், மைனா, சிட்டுக்குருவி எல்லாம் சேர்ந்த பாட்டுப் பறவை இனம்தான் இதுவும். மற்ற பறவைகளின் குரலில் 'மிமிக்ரி' கூடச் செய்யும்.

பருந்து காலால் அமுக்கிப் பிடித்துக் கிழிக்கும். கீச்சானுக்கு அந்தக் கால் பலம் இல்லை. அதனால் ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. பிடித்த இரையைக் கொண்டுபோய் முள்ளில் குத்தும். பிறகு நிதானமாகக் கொக்கி மூக்கால் பிய்த்துத் தின்னும். மிச்சம் இருந்தால் அங்கேயே தொங்கும்!

வெட்டுக்கிளி, வண்டு, விட்டில்தான் அன்றாடச் சாப்பாடு. கிடைத்தால் பல்லி, ஓணான் குஞ்சு. சில நேரம் சின்னக் குருவியும் காலி. ஒரே கிளையில் அசையாமல் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். ஏதாவது அசைந்ததோ, 'டபக்'கென்று பாய்ந்துவிடும்.

பழைய விலாசம்

காலில் வளையம் மாட்டிவிட்டுப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. போன வருஷம் தங்கிய அதே இடத்துக்கே இந்தக் குருவி திரும்பி வருகிறது. பல ஆயிரம் மைல் தாண்டி, அதே வேலியோரம், அதே புதர்! ஆணும் பெண்ணும் இங்கே தனித்தனி ஜாகை. வேறு கீச்சான் எல்லைக்குள் வந்தால் சண்டைதான். அந்த ரகளைக்குக் காரணமும் இதுதான்.

வம்பு இங்கேதான் ஆரம்பம். முள்புதர் நமக்குக் குப்பை. மனை விற்றால் முதலில் அதைத்தான் 'புல்டோசர்' தள்ளுகிறது. அக்டோபரில் வந்து பார்த்தால், புதர் இருந்த இடத்தில் காம்பவுண்டு சுவர். வேறு இடம் போகலாம் என்றால், அங்கே ஏற்கெனவே ஒருவர் குடியிருப்பார். உதைத்துத் துரத்திவிடுவார். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 

சுட்டுத் தின்ற ஊர்

இதைவிடக் கொடுமை தைவானில் நடந்தது. தெற்கு முனையில் ஹெங்சுன் என்ற இடம். பிலிப்பைன்சுக்குப் போகிற கீச்சான்கள் அங்கே கூட்டமாக இறங்கும். மூங்கில் குச்சியில் கண்ணி வைத்துக் காலைப் பிடித்தார்கள். சாலையோரம் சுட்டு விற்றார்கள். கசாப்புக்காரனுக்கே கசாப்பு! 1980-களில் அந்தப் பகுதி கென்டிங் தேசியப் பூங்கா ஆனது. சட்டமும் வந்தது. அதன் பிறகுதான் அந்த வியாபாரம் அடங்கியது.

நம் ஊரில் இதை யாரும் தின்பதில்லை. ஏன், கவனிப்பதே இல்லை! தாம்பரம் மின்சார ரெயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், கம்பி மேல் தனியாக உட்கார்ந்திருக்கும் முகமூடியைத் தேடிப் பாருங்கள். வேலியில் வெட்டுக்கிளி ஒன்று முள்ளில் தொங்குவதைக் கண்டால் கை வைத்துவிடாதீர்கள். சொந்தக்காரர் பக்கத்தில்தான் இருப்பார்.