கோபுர மணிகள்

தமிழில் ‘மணி’ என்னும் சொல் ஒலிக்கும் கருவியையும் குறிக்கும். காலத்தின் அளவையும் குறிக்கும். மணியோசை கேட்டுப் பொழுதறிந்த மக்கள் வாழ்வுக்கு இச்சொல்லே சான்றாகும். சேலத்திற்குக் கிழக்கே ஆத்தூர்ச் சாலையில் உள்ள வாழப்பாடியிலும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கோயில் மணி பூசை வேளையை அறிவிக்கும். பள்ளி மணி பாட வேளையை அறிவிக்கும். இவற்றை ஒலிக்க ஒருவர் கை போதும். பலர் கூடினாலன்றி முறையாக ஒலியாத மணிகளும் உலகில் உண்டு. இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்த் தேவாலயக் கோபுரங்கள் பலவற்றில் அவற்றைக் காணலாம்.

அம்மணிகள் வெண்கலத்தால் ஆனவை. ஏறக்குறைய நான்கு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து உருக்கி வார்ப்பர். ஒரு மணி பல நூறு கிலோகிராம் எடையிருக்கும். ஆயிரத்தை விஞ்சுவனவும் உண்டு. ஒவ்வொரு மணியும் பெரியதொரு சக்கரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். சக்கரத்தைச் சுற்றிய கயிறு கீழுள்ள அறைக்கு இறங்கும். தொடங்குமுன் மணியின் வாய் வானத்தை நோக்குமாறு நிறுத்துவர். கயிற்றை இழுத்ததும் மணி கவிழ்ந்து, ஏறத்தாழ முழு வட்டமாகச் சுழன்று, மீண்டும் வாய் மேலாக வந்து நிற்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் அதன் நாக்கு ஒருமுறை அடிக்கும்.

இத்துணைக் கனமுள்ள பொருளை நினைத்தவாறு விரைவுபடுத்த இயலாது. ஆதலின் இவற்றில் இன்னிசைப் பாடல்களை வாசித்தல் அரிது. அதற்கு மாறாக, மணிகள் ஒலிக்கும் வரிசையை மாற்றிக்கொண்டே செல்லும் கலையை அந்நாட்டார் வளர்த்தனர். ஒரு சுற்றில் ஒரு மணி தன் இடத்திலேயே நிற்கலாம்; அன்றி, அடுத்த மணியோடு இடம் மாறலாம்; அதற்குமேல் தாண்டலாகாது. ஒருமுறை ஒலித்த வரிசை இடையில் மீண்டும் வருதலும் கூடாது. மூன்று மணிகளாயின் 123, 213, 231, 321, 312, 132 என 6 வரிசைகள் உண்டாகும். 4 மணிகளுக்கு 24 வரிசைகள். 6 மணிகளுக்கு 720. 8 மணிகளுக்கோ 40,320! இக்கலையை விளக்கும் நூல் 1668ஆம் ஆண்டிலேயே அச்சாயிற்று. 1963ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், லஃபரோ நகரின் மணி வார்ப்படச் சாலையில், எண்மர் அந்த 40,320 வரிசைகளையும் இடைவிடாது ஒலித்து முடித்தனர். அதற்கு 17 மணி 58 நிமிடம் ஆயிற்று.

மணியடிப்போர் விடுமுறை நாள்களில் குழுவாகப் புறப்பட்டு, ஊர்தோறும் சென்று, குறுகிய சுழற்படிகளில் ஏறி, அவ்வக் கோபுரத்து மணிகளை ஒலித்து மகிழ்வர். ஓரூர் மணியின் கனமும் கயிற்றின் போக்கும் மற்றோரூரில் இரா. எனவே, வந்தவர் புதிய மணியின் இயல்பறிந்து அடங்கி நடத்தல் வேண்டும். அவர்கள் கையில் ஏடில்லை. வரிசை முழுவதும் நெஞ்சில் இருக்கும். கண் பிறர் கயிற்றை நோக்கும். செவி ஒலியை அளக்கும். ஒருவர் முந்தினும் பிந்தினும் அனைவர் உழைப்பும் குழம்பும். ஆங்குத் தனிப்புகழ் தேடுவார்க்கு இடமில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பகைவர் வந்திறங்கினாலன்றித் தேவாலய மணிகளை ஒலிக்கலாகாது என அந்நாட்டு அரசு ஆணையிட்டது. 1942 நவம்பரில், எகிப்து நாட்டு எல் அலமெய்ன் போரின் வெற்றியைக் கொண்டாட அவை ஒலிக்கப்பட்டன. நாள்தோறும் கேட்ட ஒலியின் அருமையை, அஃது அடங்கியபின் மக்கள் உணர்ந்தனர்.

இம்முறையில் ஒலிப்பதற்கென அமைக்கப்பட்ட 8 மணிகள் நம் நாட்டிலும் உள்ளன. புனே நகரில், 1885ஆம் ஆண்டு திருநிலைப்படுத்தப்பட்ட திருநாமத் தேவாலயத்தின் கோபுரத்தில் அவை அமைந்துள்ளன. லஃபரோவில் வார்க்கப்பட்டுக் கடல் கடந்து வந்தவை அவை.

மணியைப் பொருள் கொடுத்துப் பெறலாம். மணியடிக்கும் பயிற்சியை அவ்வாறு பெற இயலாது. கற்பார் இல்லையேல், கோபுரம் நிமிர்ந்து நிற்க, மணிகள் ஊமையாய்த் தொங்கும். தேர் எத்துணை அழகியதாயினும் ஊர் கூடி வடம் பிடித்தாலன்றோ நிலை பெயரும்? கோபுர மணிகளின் இயல்பும் அத்தகையதே.