ரெண்டு சக்கரம், ஒரு திரை – 8: பஸ் மோதி முளைத்த திருவிழா

சைக்கிளில் போனவர் மீது பஸ் மோதியது. நியூயார்க்கில் இதெல்லாம் செய்தியே இல்லை. அடிபட்டவர் பிரெண்ட் பார்பர் என்பதால்தான் கதை வேறு பக்கம் திரும்பியது. 2001-ல் அவர் ஒரு படவிழாவைத் தொடங்கினார். பெயர், பைசைக்கிள் ஃபிலிம் ஃபெஸ்டிவல். பஸ்காரர்களைத் திட்டும் கூட்டமாகவோ, சாலைப் பாதுகாப்புப் பிரசாரமாகவோ அதை அவர் ஆக்கவில்லை. சைக்கிள் ஓட்டுகிறவர்களின் சந்தோஷத்தைத் திரையில் காட்ட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

ஆரம்ப வருடங்களில் விழாவுக்கு இடம் தந்தது செகண்ட் அவென்யூவில் இருக்கும் ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்கைவ்ஸ். அந்தச் செங்கல் கட்டடம் ஒரு காலத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட். ஜோனஸ் மெகாஸ் போன்றவர்கள் வளர்த்த சோதனைப் படங்களின் கோயிலாக அது பிறகு மாறியது. கலைப்பட ரசிகர்களின் அந்த இடத்துக்குள் தோளில் பையோடு கூரியர் பையன்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

மன்ஹாட்டனில் கூரியர்காரர்கள் பலர் ஓட்டுவது ஃபிக்ஸட் கியர் சைக்கிள். அதில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலுக்கு ஓய்வே இல்லை. பலர் பிரேக்கும் வைப்பதில்லை. பின்னங்காலை அழுத்தி, பெடலை எதிர்த்துத்தான் வண்டியை நிறுத்துவார்கள். வேலை நேரம் முடிந்ததும் இவர்களுக்குள் ‘ஆலிகேட்’ பந்தயம் நடக்கும். போக வேண்டிய இடங்களின் பட்டியல் மட்டும் கையில் இருக்கும். எந்தத் தெரு வழியாகப் போவது என்பது அவரவர் சாமர்த்தியம். பாஸ்டன்காரர் லூகஸ் புரூனெல் ஹெல்மெட்டில் கேமராவை மாட்டிக்கொண்டு இவர்களோடு கூடவே ஓட்டினார். சிக்னல் சிவப்பில் இருக்கும், டாக்சிக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ஹேண்டில்பார் நுழையும் சந்துதான் இருக்கும், அதற்குள் கேமரா பாயும். பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். ஆபத்தை இப்படிக் கொண்டாடலாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனாலும் அந்தப் படங்கள் விழாவின் அடையாளமாகிவிட்டன. 2012-ல் அவற்றின் தொகுப்பாக ‘லைன் ஆஃப் சைட்’ வந்தது.

இந்தக் குலத்துக்கு மூத்தவர் ஒருவர் உண்டு. டென்மார்க்கின் யோர்கன் லெத், 1976-ன் பாரிஸ்–ரூபே பந்தயத்தை ‘எ சண்டே இன் ஹெல்’ என்று படமாக்கினார். ஹெலிகாப்டர் உட்படப் பல கேமராக்கள், கருங்கல் பாவிய பண்ணைச் சாலைகள், கண்ணை மறைக்கும் புழுதி, நடுவில் பந்தயத்தை மறிக்கும் போராட்டக்காரர்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் படம் தொடங்குவது மெக்கானிக் ஒருவர் சைக்கிளைத் துடைப்பதில்தான். பூஜைப் பாத்திரம் துலக்குகிற பொறுமை அவர் கையில். மெர்க்ஸ், மோசர், டி விளேமிங்க் எனப் பெருந்தலைகள் திரண்ட பந்தயத்தில், அவ்வளவாகப் பேசப்படாத பெல்ஜியத்துக்காரர் மார்க் டெமேயர் ஜெயித்தார். கதை எழுதி எடுத்திருந்தால் இந்த முடிவைத் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

பார்பரின் விழா வளர்ந்த வருடங்களில் நியூயார்க் தெருக்கள் சூடாகவே இருந்தன. 2004 ஆகஸ்ட் 27, குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. ‘கிரிட்டிக்கல் மாஸ்’ என்ற மாதாந்தரக் கூட்டு சைக்கிள் ஊர்வலத்தில் 250-க்கும் மேற்பட்டோரைப் போலீஸ் கைது செய்தது. ‘ஸ்டில் வி ரைட்’ என்ற ஆவணப்படம் அந்த இரவைப் பதிவு செய்திருக்கிறது. மூன்று வருடம் கழித்து, 2007-ல், அதே நகராட்சி நைன்த் அவென்யூவில் சைக்கிளுக்கென்று தனித்தடம் போட்டது. நிறுத்தி வைத்த கார்களின் வரிசையே தடத்துக்குச் சுவர். ஓடும் வண்டிகள் அந்தப் பக்கம், சைக்கிள் இந்தப் பக்கம்.

விழா இதற்குள் லண்டன், டோக்கியோ, மிலான் என்று ஊர் ஊராகப் போயிருந்தது. போன இடமெல்லாம் படத்தோடு பாட்டும் ஓவியக் கண்காட்சியும் தெருக் கொண்டாட்டமும் சேர்ந்துகொண்டன. 2020-ல் கொரோனா தியேட்டர்களைப் பூட்டியபோது குறும்படங்கள் இணையம் வழியே வீடுகளுக்குப் போயின.

அடுத்த வாரம் சவூதியின் ரியாத் நகரம். பச்சை சைக்கிள் ஒன்றுக்காகப் பணம் சேர்க்கும் சிறுமி வஜ்தாவும், தெருவில் ஆண்களோடு நின்று படமெடுக்க முடியாததால் வேனுக்குள் உட்கார்ந்து வாக்கி டாக்கியில் காட்சிகளை இயக்கிய ஹைஃபா அல் மன்சூரும்.

(தொடரும்)