காந்தப் பாடசாலைகள்: அமெரிக்காவில் சர்க்கார் மான்யமும் மனமொத்த சேர்க்கையும்

பாடசாலை ஒன்றில் இடம் கிடைக்குமா என்று தொலைவிலுள்ள பெற்றோரும் மனு எழுதிக் காத்திருப்பார்களானால், அப்பாடசாலைக்கு ஏதோ ஓர் ஈர்ப்புச் சக்தி உண்டென்பது வெளிப்படை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வித ஈர்ப்பை வேண்டுமென்றே உண்டாக்கி, அதற்கெனச் சர்க்கார் பணம் ஒதுக்கி நடத்தப்படும் பாடசாலைகள் பல உள. அவற்றுக்குக் காந்தப் பாடசாலைகள் என்றே பெயர். இவை பொதுப் பாடசாலைகள். பிள்ளைகளிடம் சம்பளம் வசூலிப்பதில்லை. சாதாரணப் பாடசாலையில் அதன் எல்லைக்குள் குடியிருப்போரின் பிள்ளைகளே சேருவர். காந்தப் பாடசாலையிலோ நகரம் முழுவதிலிருந்தும், சில இடங்களில் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் சேரலாம். விஞ்ஞானம், சங்கீதம், அந்நிய பாஷை, விவசாயம் போன்ற ஏதேனும் ஒரு துறையில் விசேஷப் பயிற்சி அளிப்பதே அதன் கவர்ச்சி. இடங்களைவிட மனுக்கள் மிகுந்தால் பெரும்பாலும் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள்.

இவ்வளவு ஏற்பாடும் எதற்காக? கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் எவருடைய நிர்ப்பந்தமுமின்றி ஒரே பாடசாலையில் அமர்ந்து படிக்கவேண்டும் என்பதற்காக. அந்நோக்கம் எவ்வளவு கைகூடியது, அதற்குப் பணம் எவ்வளவு தூரம் உதவியது என்பதை இக்கட்டுரை விளக்கும்.

விருப்பமும் நிர்ப்பந்தமும்

அந்நாட்டின் தென்பகுதி மாகாணங்களில் கறுப்பர்க்கும் வெள்ளையர்க்கும் வெவ்வேறு பாடசாலைகள் இருக்கவேண்டுமென்று சட்டமே விதித்திருந்தது. தனித்தனியே இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்று 1896ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் ஒரு ரயில் பிரயாண வழக்கில் கூறிய தீர்ப்பு அதற்கு ஆதாரமாயிருந்தது. சமமாக இருந்ததோ பெயரளவில்தான். 1954 மே 17ஆம் தேதி அதே கோர்ட், பிரவுன் வழக்கில், பொதுக்கல்வியில் இப்பிரிவினைக்கு இடமில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

தீர்ப்பு வந்தவுடன் பாடசாலைகள் மாறிவிடவில்லை. பல வட்டாரங்கள், பெற்றோர் விரும்பிய பாடசாலையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று அறிவித்து, அத்துடன் தம் கடமை தீர்ந்ததென்று இருந்துவிட்டன. வர்ஜினியா மாகாணத்தின் நியூ கென்ட் என்ற கிராமப்புற ஜில்லாவில் இரண்டே பாடசாலைகள் இருந்தன. மூன்று வருஷங்கள் தேர்ந்துகொள்ளும் உரிமை நடைமுறையிலிருந்தும், கறுப்பர் பாடசாலைக்கு ஒரு வெள்ளைப் பிள்ளையும் வரவில்லை. கறுப்பினப் பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேர் இருந்த இடத்திலேயே இருந்தனர். இத்தகைய தேர்வு போதாதென்று 1968இல் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. கதவைத் திறந்து வைப்பது வேறு, உள்ளே வருவதற்குக் காரணம் ஒன்று உண்டாக்குவது வேறு என்பது அப்பொழுதுதான் விளங்கியது எனலாம்.

பிறகு நிர்ப்பந்த முறை வந்தது. பிள்ளைகளைப் பஸ்களில் ஏற்றி வேறு பகுதிகளிலுள்ள பாடசாலைகளுக்கு அனுப்புமாறு கோர்ட்டுகள் உத்தரவிடலாம் என்று 1971இல் முடிவாயிற்று. 1974இல் பாஸ்டன் நகரில் அவ்வுத்தரவு நிறைவேறியபோது கலகம் மூண்டு, பஸ்களின்மீது கல்லெறிந்தார்கள். அதே வருஷத்தில் டெட்ராய்ட் நகரத்து வழக்கில், குற்றம் நிரூபிக்கப்படாத புறநகர் வட்டாரங்களை இவ்வேற்பாட்டில் சேர்க்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட் எல்லை வகுத்தது. நகரங்களிலிருந்து வெள்ளையர் பலர் அப்புறநகர்களுக்கே குடிபெயர்ந்துகொண்டிருந்தபடியால், அவர்களைப் பின்தொடர இனிக் கோர்ட்டால் இயலாது. வேண்டுமானால் அழைக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது.

மான்யம் வந்த வழி

அழைக்கும் முறைக்கு முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. வாஷிங்டன் மாகாணத்து டகோமா நகரில் மெக்கார்வர் ஆரம்பப் பாடசாலையின் பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பர். 1968இல் அங்கே புதிய போதனா முறையைப் புகுத்தி, நகரத்தின் எப்பகுதியிலிருந்தும் பிள்ளைகள் சேரலாமென்று அறிவித்தனர். இதையே முதல் காந்தப் பாடசாலையாகக் கூறுவது வழக்கம்.

மத்திய சர்க்கார் 1972இல், பிரிவினையை ஒழிக்க முற்படும் வட்டாரங்களுக்கு உதவிநிதி வழங்க ஒரு சட்டம் இயற்றியது. 1976இல் அச்சட்டம் திருத்தப்பட்டுக் காந்தப் பாடசாலைகளுக்கென மான்யம் கொடுக்க வழி பிறந்தது. ஐந்தே வருஷங்களில் அது நின்றது. 1981இல் பல கல்வி மான்யங்களை ஒரே தொகையாகத் திரட்டி மாகாணங்களிடம் ஒப்படைத்தபோது, தனித்தொகை மறைந்தது. பபலோ போன்ற நகரங்கள் பெருந்தொகையை இழந்தன. 1984இல் செனட்டர் டேனியல் பாட்ரிக் மொய்னிஹான் முதலியோர் முயற்சியால் காந்தப் பாடசாலை உதவித் திட்டம் தனிச்சட்டமாக மீண்டும் வந்தது. தொடக்கத்தில் வருஷத்துக்கு 7.5 கோடி டாலர் ஒதுக்கினர். 2023இல் ஒதுக்கிய தொகை 13.9 கோடி டாலர். விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால் இது வளர்ச்சியாகாது.

பணத்தைக் கேட்கும் வட்டாரம், கோர்ட் உத்தரவுப்படியோ தானாகவோ பிரிவினை ஒழிப்புத் திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். மான்யத்தைக் கொண்டு புஸ்தகம், கருவிகள் வாங்கலாம், உபாத்தியாயர்களைப் பயிற்றலாம், அவர்களின் சம்பளத்தில் ஒரு பகுதி கொடுக்கலாம். ஆனால் பிள்ளைகளை ஏற்றிவரும் பஸ்ஸுக்கு அதிலிருந்து ஒரு டாலரும் செலவிடக்கூடாது என்று நெடுங்காலம் தடை இருந்தது. பஸ் என்ற சொல்லே அரசியலில் தீப்பட்ட சொல்லாகிவிட்டிருந்தது. தொலைவிலுள்ள பிள்ளை வரவேண்டும் என்பதே நோக்கமாயிருக்க, வரும் செலவுக்கு மட்டும் பணமில்லை! 2015ஆம் வருஷத்துச் சட்டம்தான் இத்தடையை ஓரளவு தளர்த்தியது.

மற்றொரு நிபந்தனை கவனிக்கத்தக்கது. இம்மான்யம் நிரந்தரமன்று. நெடுங்காலம் மூன்று வருஷங்களாக இருந்து, 2015க்குப் பின் ஐந்து வருஷம் வரை நீளலாம் என்றாயிற்று. அதன்பின் விசேஷப் பாடத்தின் செலவை வட்டாரமே தாங்கவேண்டும். மான்யம் வேறு, சொந்த மூலதனம் வேறு என்பதை ஐக்கிய சங்க அங்கத்தினர்க்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

ஒரே மாகாணம், இரு நகரங்கள்

மத்திய மான்யம் சிறு தொகையே. பெருந்தொகை செலவானது மிசௌரி மாகாணத்தில். அதுவும் கோர்ட் உத்தரவினால். அம்மாகாணத்தின் இரு பெருநகரங்களாகிய கான்ஸஸ் நகரமும் செயின்ட் லூயியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரு வழிகளில் சென்றன.

கான்ஸஸ் நகர வாக்காளர் 1969க்குப் பின் பாடசாலை வரியை உயர்த்தச் சம்மதிக்கவேயில்லை. கட்டடங்கள் சிதைந்திருந்தன. பிள்ளைகளில் நூற்றுக்கு 68 பேர் கறுப்பர். 1984இல் ஜட்ஜ் ரஸல் கிளார்க், புறநகர் வட்டாரங்களை வழக்கிலிருந்து விடுவித்தார். மாகாணமும் நகர வட்டாரமும் பொறுப்பாளிகள் என்றார். புறநகரை இழுக்க முடியாதெனில் அங்குள்ளவர் தாமாக ஓடிவரும்படி நகரப் பாடசாலைகளை அமைக்கலாம் என்பது அடுத்த யோசனை. 1986 முதல் பெரும்பாலான பாடசாலைகள் காந்தப் பாடசாலைகளாக மாற்றப்பட்டன. நட்சத்திர மண்டபம், நீச்சல் குளங்கள், பல பாஷைகளில் மொழிபெயர்த்துக் கேட்கும் வசதியுடன் கூடிய மாதிரிச் சர்வதேச சபை, 25 ஏக்கர் பண்ணை, அப்பண்ணையில் 104 பேர் அமரக் குளிர்சாதன மண்டபம் என்று திட்டம் விரிந்தது. ஒரு ஹைஸ்கூலில் கிரேக்க நாகரிகமும் கம்ப்யூட்டரும் விசேஷப் பாடங்கள். செலவை ஈடுகட்ட, மதிப்பிட்ட சொத்தில் 100 டாலருக்கு 2.05 டாலராயிருந்த வரியை 4 டாலராக ஜட்ஜே உயர்த்தினார். ஜட்ஜ் நேராக வரி விதிக்கலாகாது, ஆனால் வட்டாரத்தை விதிக்கச் சொல்லலாம் என்று 1990இல் சுப்ரீம் கோர்ட் திருத்தியது. வரி கொடுத்தவர்க்கு இவ்வித்தியாசம் ஆறுதலளித்திராது.

செலவு மொத்தம் சுமார் 200 கோடி டாலர். புறநகர் வெள்ளையர் எதிர்பார்த்த தொகையில் வரவில்லை. கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் குறையவுமில்லை. இதற்கிடையே வேறொரு துயரம் நேர்ந்தது. சில பாடசாலைகளில் வெள்ளையர்க்கென ஒதுக்கிய இடங்கள் நிரம்பாதிருக்க, அக்கம்பக்கத்துக் கறுப்பினப் பிள்ளைகள் இடமின்றிக் காத்திருந்தனர். எவருடைய குறையைத் தீர்க்க வழக்கு எழுந்ததோ, அவர்களே வாசலில் நின்றார்கள். 1995இல் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், புறநகரைக் கவர்வதற்காக மாகாணத்தைச் செலவிடச் சொல்வது அதிகார வரம்புக்கு மீறியது என்றது. மாகாணத்தின் பணம் சில வருஷங்களில் நின்றது. 2000இல் அவ்வட்டாரம் மாகாணக் கல்வி இலாகாவின் அங்கீகாரத்தையே இழந்தது. கட்டடங்களைப் பேணும் செலவு பின்னும் இருந்தது.

செயின்ட் லூயியில் நடந்தது வேறு. மின்னி லிடெல் என்ற கறுப்பினத் தாயார், தம் பிள்ளையைத் தரம் குறைந்த பாடசாலைக்கு மாற்றியதைப் பொறாமல், 1972இல் மற்றப் பெற்றோருடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தார். விசாரணைக்குப் போனால் முழு இணைப்பும் உத்தரவாகலாம் என்று அஞ்சிய புறநகர் வட்டாரங்கள், 1983இல் ராஜி உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. ஆகவே அவர்களுடைய மனவொப்புதலிலும் அச்சம் ஒரு பங்கு கலந்திருந்தது. உடன்படிக்கையின் சாரம் இது: நகரத்துக் கறுப்பினப் பிள்ளை புறநகர்ப் பாடசாலைக்குப் போகலாம், புறநகர் வெள்ளைப் பிள்ளை நகரத்துக் காந்தப் பாடசாலைக்கு வரலாம். போகும் பிள்ளைக்கான செலவை மாகாணமே புறநகர் வட்டாரத்துக்குச் செலுத்தும். பிள்ளையை இழக்கும் நகர வட்டாரத்துக்கும் நஷ்டத்தில் ஒரு பகுதி ஈடு கிடைக்கும். பஸ் செலவும் மாகாணத்துடையதே. அதாவது பணம் கட்டடத்தின்மேல் நில்லாமல் பிள்ளையின் பின்னால் சென்றது. சேர்த்துக்கொள்ளும் வட்டாரம் நஷ்டமடையவில்லை. எனவே கதவடைக்க அதற்குக் காரணமுமில்லை.

உச்ச காலத்தில் 13,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் இவ்வாறு புறநகர்களில் படித்தனர். விடியுமுன் எழுந்து பஸ்ஸில் நெடுநேரம் கழித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகளே. எதிர்த் திசையில் வந்தவர் தொகை மிகக் குறைவு. இச்சுமை சமமாகப் பகிரப்படவில்லை என்பதை மறைக்கலாகாது. எனினும் கோர்ட் மேற்பார்வை முடிவடைந்த 1999இல், நகர வாக்காளர் விற்பனை வரி உயர்வு ஒன்றைத் தாமே வாக்களித்து ஏற்றுக்கொண்டு, ஏற்பாடு தொடர வழிசெய்தனர். கான்ஸஸ் நகரில் ஜட்ஜ் விதித்த வரிக்கும் இவ்வரிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பின்னர் இத்திட்டம் ஆண்டுதோறும் சுருங்கியது. அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அவ்வழியே படித்து வெளியேறியிருந்தனர்.

ஹார்ட்பர்டில் காலி இடங்கள்

2007இல் சியாட்டில், லூயிவில் நகரங்களின் வழக்கில், கோர்ட் உத்தரவின்றித் தாமாகவே பிரிவினையை நீக்க முயலும் வட்டாரங்களும், ஒவ்வொரு பிள்ளையின் இனத்தையும் பார்த்து இடம் கொடுக்கவோ மறுக்கவோ கூடாதென்று சுப்ரீம் கோர்ட் தீர்மானித்தது. பாடசாலையை எங்கே கட்டுவது, எல்லையை எங்கே வகுப்பது என்பவற்றில் இனக்கலப்பைக் கருதலாம் என்று தீர்ப்புக்கு ஐந்தாவது வாக்களித்த ஜட்ஜ் கென்னடி தனியே எழுதினார். அதன்பின் பல வட்டாரங்கள் குடும்ப வருமானத்தை அளவுகோலாகக் கொள்ளலாயின. மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரம் அதற்குச் சில வருஷங்கள் முன்னதாகவே அவ்வழிக்குத் திரும்பியிருந்தது.

கனெக்டிகட் மாகாணத்தில் ஹார்ட்பர்டு நகரப் பெற்றோர் 1989இல் மாகாணக் கோர்ட்டில் தொடுத்த வழக்கு 1996இல் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. ஊர் எல்லையும் பாடசாலை எல்லையும் ஒன்றே என்ற பழைய சட்டம் பிரிவினையை நிலைநிறுத்துகிறது. காரணம் எதுவாயினும் மாகாணமே பரிகாரம் தேடவேண்டும் என்பது தீர்ப்பு. மாகாணம் தன் செலவில் பல ஊர்களுக்குப் பொதுவான காந்தப் பாடசாலைகளைக் கட்டியது. அவை நற்பெயர் பெற்று, புறநகர்ப் பிள்ளைகளும் வந்தனர். ஆனால் கறுப்பினப் பிள்ளைகளும் ஸ்பானிய மரபினப் பிள்ளைகளும் சேர்ந்து நூற்றுக்கு 75 பேருக்குமேல் இருக்கலாகாது என்ற அளவு விதிக்கப்பட்டிருந்தது. கான்ஸஸ் நகரத்துக் காட்சி இங்கும் தோன்றியது: சில வகுப்புகளில் நாற்காலிகள் காலி, வெளியே, பெயர் குலுக்கலில் வராத நகரத்துப் பிள்ளைகள். இதை எதிர்த்து 2018இல் நகரத்துப் பெற்றோர் சிலரே வழக்குத் தொடுத்தனர். 2020இல் ராஜி ஏற்பட்டு, இனக்கணக்குக்குப் பதிலாகக் குடும்பங்களின் பொருளாதார நிலையைக் கொண்டு இடங்கள் பகிரப்படலாயின. 2022இல் மூல வழக்கின் இறுதி உடன்படிக்கையில், கேட்கும் ஹார்ட்பர்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் இடமளிக்கும் அளவை எட்டும்வரை, காந்தப் பாடசாலை இடங்களையும் புறநகர் இடங்களையும் தன் பணத்தில் பெருக்குவதாக மாகாணம் ஒப்புக்கொண்டது. வழக்குத் தொடுத்தபோது பத்து வயதினனாயிருந்த மைலோ ஷெஃப் என்ற பிள்ளைக்கு அப்பொழுது வயது நாற்பதைக் கடந்துவிட்டது.