பொங்கல் தின்ற பசுவுக்கு வயிற்று வலி
(வானொலி உரை)



நமக்கு வயிறு வலித்தால் வாய்விட்டுச் சொல்கிறோம். வீட்டில் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார்கள். மாடு வாயில்லா ஜீவன். ஆனாலும் அது தன் வழியில் சொல்லத்தான் சொல்கிறது, நமக்குத்தான் பார்க்கத் தெரிய வேண்டும். தீனியைத் தொடாது. அசைபோடுவதை நிறுத்திவிடும். பின்னங்காலால் வயிற்றை உதைத்துக் கொள்ளும். படுக்கும், எழுந்திருக்கும், மறுபடி படுக்கும். பல்லை நறநறவென்று கடிக்கும். இவற்றில் ஒன்றிரண்டு கண்ணில் பட்டாலே, 'காலையிலே பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடக் கூடாது.

சில வருஷங்களுக்கு முன், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலம். குத்தாலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஐயா, பசு எந்திரிக்க மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். நான் பயிர் பார்க்கிற அதிகாரி, மாட்டு டாக்டர் இல்லை. டாக்டருக்குத் தகவல் சொல்லிவிட்டு அவரோடு போனேன். இரண்டாம் ஈத்துப் பசு. கண் உள்ளே போயிருந்தது. சாணம் தண்ணீராகக் கழிந்து புளிச்ச நாற்றம் அடித்தது. அதில் சோற்றுப் பருக்கை அப்படியே கிடந்தது.

"நேத்து என்ன போட்டீங்க?" என்று கேட்டேன்.

"பொங்கல்தாங்க. நம்ம பானையிலே பாதி, அண்ணன் வீட்டிலேருந்து வந்தது கொஞ்சம், பசங்க ஆளுக்கு ஒரு சீப்பு பழம். வருஷத்துக்கு ஒரு நாள்தானேங்க, ஆசையா தின்னுச்சு."

டாக்டர் வந்தார். ஊசி போட்டு, மருந்து ஏற்றினார். மத்தியானத்துக்குள் பசு போய்விட்டது. கழுத்தில் போட்ட நெட்டி மாலை கூட வாடவில்லை, நெட்டிதான் வாடாதே.

சோறு தின்று மாடு சாகுமா என்று கேட்பீர்கள். மாட்டுக்கு வயிறு நான்கு அறையாக இருக்கிறது. முதல் அறை பெருவயிறு, இடது பக்கம் முழுவதும் அதுதான். பெரிய பசுவுக்கு அது நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். நம் வீட்டுத் தோசை மாவைப் புளிக்க வைக்கிற மாதிரி, அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் நொதிக்க வைக்கின்றன. வைக்கோல் மெதுவாக நொதிக்கும். அதை அசைபோட அசைபோட வாயில் எச்சில் ஊறும், நாளைக்கு நூறு லிட்டர் வரை கூட ஊறும். அந்த எச்சிலில் இயற்கையாகவே சோடா இருப்பதால் வயிற்றுப் புளிப்பு அடங்கி நிற்கும்.

சோறும் வெல்லமும் பழமும் அப்படி இல்லை. அசைபோட ஒன்றும் இல்லாததால் எச்சில் ஊறாது. மாவும் சர்க்கரையும் வேகமாகப் புளித்து அமிலம் ஏறிவிடும். வைக்கோலைச் செரிக்க வைக்கிற நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தில் செத்துப் போகும். உடம்பில் உள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படும். மாடு காய்ந்து, தள்ளாடி விழும். ஓரிரு நாளில் உயிரே போகலாம். பிழைத்தால் கூட, சில வாரம் கழித்துக் குளம்பு கெட்டு நொண்டுவது உண்டு, சினை மாடாக இருந்தால் கன்று கலைவதும் உண்டு.

பொங்கலன்று மட்டும்தான் இந்த ஆபத்து என்று இல்லை. அறுவடைக் காலத்தில் ராத்திரி கட்டை அவிழ்த்துக்கொண்டு களத்து நெல்லில் வாய் வைத்த மாட்டுக்கும் இதே கதிதான். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் எச்சில் இலையை மேய்கிற மாடுகளையும் பார்க்கிறோம். 'செலவில்லாத் தீனி' என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

நெல்லோ சோறோ நிறையத் தின்றுவிட்டது தெரிந்தால், நோய்க்குறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண் இருக்கிறது, அதற்குக் காசு கிடையாது. அவர் வருவதற்குள் மிச்சத் தீனியை அப்புறப்படுத்துங்கள். தொட்டித் தண்ணீரையும் கழுநீரையும் வயிறு முட்டக் காட்டாதீர்கள். காய்ந்த வைக்கோல் மட்டும் போடுங்கள். நடக்க முடிகிற மாட்டை மணிக்கு ஒரு தரம் மெல்ல நடத்துங்கள். ஆப்ப சோடா 100 முதல் 150 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். புகட்டும்போது தலையை அண்ணாந்து தூக்கக் கூடாது, நாக்கைப் பிடித்து இழுக்கக் கூடாது, மூக்கு வழியாக ஊற்றவே கூடாது. மருந்து நுரையீரலுக்குப் போய்விட்டால் வயிற்று வலியை விடப் பெரிய வினையாகிவிடும். படுத்துவிட்ட மாட்டுக்கு நீங்கள் எதையும் ஊற்ற வேண்டாம்.

வயிறு உப்புசம் வேறு சங்கதி. காராமணி, குதிரைமசால் போன்ற இளம் பசுந்தீவனத்தைப் பனி ஈரத்தோடு வெறும் வயிற்றில் மேய்ந்தால், வயிற்றுக்குள் நுரை கட்டிக் காற்று வெளியே வராது. இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளம் மேடாகி, தட்டினால் மத்தளம் போலக் கேட்கும். மூச்சு முட்டும். இது மணிக்கணக்கில் கொல்லும். நிற்கிற மாடாக இருந்தால் முன்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, வேப்பங்குச்சியைக் கடிவாளம் போல வாயில் குறுக்கே வைத்துக் கொம்பில் கட்டுங்கள். மென்று எச்சில் ஊறும், ஏப்பம் வரும். நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை மெல்லப் புகட்டினால் நுரை உடையும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். விலாவில் குத்திக் காற்றை எடுப்பதை டாக்டருக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று பிளாஸ்டிக். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருந்தாலும் குப்பை மேட்டில் அது கிடக்கத்தான் செய்கிறது. மிஷினில் சுருட்டிய வைக்கோல் கட்டுக்கும் கயிறு சுற்றி வருகிறது. கட்டைப் பிரித்துக் கயிற்றை எடுத்துவிட்டுப் போடுங்கள். உள்ளே போனது செரிக்காது, சிக்கிக் கொள்ளும்.

மறுபடி பொங்கலுக்கு வருகிறேன். சாமிக்குப் படைத்ததை மாட்டுக்குக் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. முதலில் வயிறு நிறைய வைக்கோலோ புல்லோ போடுங்கள். பிறகு பொங்கல் ஒரு பிடி, பழம் ஒன்றிரண்டு. பக்கத்து வீட்டார் கொண்டு வருவதை வாங்கி ஓரமாக வைத்துக் கொள்ளுங்கள். நான் சொன்ன அந்த வீட்டில் இப்போது ஒரு கிடாரி நிற்கிறது. பொங்கலன்று கொட்டில் வாசலில் ஒரு ஆளை உட்கார வைத்து, வருகிறவர்களின் தட்டையெல்லாம் வாங்கி வைக்கிறார்கள்.